தலைக்காயத்துக்குப் பிறகு புது விஷயம் எதுவும் நிற்கவில்லை, டைரி கொடுத்தும் திறப்பதில்லை

ரீஹேப்_ஓடி (கேள்வி):
பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர், வயது முப்பதுகளில். ஐந்து மாதம் ஆகிறது. ஆரம்பக் குழப்பமெல்லாம் தெளிந்துவிட்டது. பேச்சு, நடை, பழைய ஞாபகம் நன்றாக இருக்கின்றன. ஆனால் எட்டு மணிக்குச் சொன்னது ஒன்பதுக்கு இல்லை. வலிப்பு மாத்திரை போட்டதை மறந்து இன்னொன்று போட்டுவிடுகிறார். வீட்டில் தினமும் மொபைலில் ஞாபகசக்தி கேம் ஆட வைக்கிறார்கள். ஸ்கோர் ஏறுகிறது, வேறெதுவும் மாறவில்லை. கொடுத்த டைரி மேசையிலேயே கிடக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

நியூரோசைக்:
கேமை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் கைவருவது அந்த கேம் மட்டும்தான். மாத்திரைக்கு அது உதவாது.

அடுத்து, வீட்டார் கேள்வி கேட்டுச் சோதிப்பதை நிறுத்த வேண்டும். ‘காலையில என்ன சாப்பிட்ட, யோசிச்சுச் சொல்லு’ என்றால் அவர் எதையாவது ஊகித்துச் சொல்வார், அந்தத் தப்பே பதிந்துவிடும். போன முறை தப்பாகச் சொன்னது நமக்கு நினைவிருப்பதால் திருத்திக்கொள்கிறோம். அவருக்கு அந்த நினைவு இல்லை, வாய்க்குப் பழகியது மட்டும் மிஞ்சுகிறது. ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் எழுதிய ஆய்வின் சாரம் இதுதான். அதனால் பதிலை முதலில் நீங்களே சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள்.

டைரி இருப்பதே அவருக்கு நினைவில்லை, எப்படித் திறப்பார்? டைரிக்குப் பதில் சட்டைப்பையில் வைக்கிற நோட்டாகக் கொடுத்து, திறப்பதைத் தனியாகப் பழக்குங்கள். ‘இன்னைக்கு என்ன வேலைன்னு எதுல பார்ப்பீங்க?’ ‘சட்டைப்பை நோட்டுல.’ சொல்லிக்கொடுத்த உடனே ஒருமுறை கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. கை சட்டைப்பைக்குள் போய் நோட்டை எடுத்து, இன்றைய பக்கத்தைத் திறக்க வேண்டும். பிறகு 15 விநாடி, 30, 1 நிமிடம், 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். இடையில் வேறு பேச்சு பேசலாம். தடுமாறினால் காத்திருக்காமல் பதிலைக் கொடுத்து, உடனே திரும்பக் கேட்டு, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்கு இறங்குங்கள். மறுநாள் முதல் கேள்விக்கே கை பைக்குப் போனால் அடுத்த பாடம். மனைவி ஒரு விதமாகவும் அம்மா இன்னொரு விதமாகவும் கேட்டால் அவருக்கு அவை இரண்டு தனிக் கேள்விகள். ஒரே வார்த்தைகள்தான்.

வார்டு_சிஸ்டர்:
மாத்திரைக்கு இதெல்லாம் பழகும்வரை காத்திருக்காதீங்க. அட்டைகளை இன்னைக்கே பூட்டி வைங்க. கிழமை, வேளை எழுதின டப்பா வாங்கி, வாரம் ஒருமுறை வீட்டார் நிரப்பட்டும். டப்பாவில் அந்த வேளைக்கான அறை காலியா இருந்தா போட்டாச்சு, ஞாபகமே தேவையில்லை. அலாரத்தில் வெறும் மணிச்சத்தம் வேண்டாம், அணைச்ச உடனே எதுக்கு அடிச்சதுன்னு மறந்துடும். ‘காலை மாத்திரை, நீல டப்பா, சாப்பாட்டு மேசை’ன்னு திரையில் வரணும். டப்பாவுக்குப் பக்கத்தில் அவர் இருக்கிற நேரத்தில் அடிக்கணும். குளிக்கிறப்போ அடிச்சா வீண். ரெட்டை டோஸ் எத்தனை முறை போயிருக்கும்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வலிப்பு மருந்து அதிகமானா மந்தமும் மறதியும் கூடும், அதை நாம காயத்தின் மேல போட்டுடுவோம்.

மெதுநடை:
நியூரோசைக் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. பதிலை முதலில் சொல்லிவிட்டுக் கேட்கும் முறை, அதாவது தவறில்லாமல் கற்பது, கடுமையான மறதிக்கு உரியது. லேசான மறதி உள்ளவர் யோசித்து, மனதில் படமாக்கிப் பழகினால் நன்றாகவே கற்பார். அவருக்குப் பதிலை ஊட்டினால் வளர்ச்சியைத் தடுக்கிறோம். கடுமையான மறதியிலும் கற்றது அந்த ஒரு வேலையோடு நிற்கும். மாத்திரை டப்பா பழகியவருக்குக் காஸ் அடுப்பைத் தனியாகப் பழக்க வேண்டும்.

நினைவூட்டும் கருவியைப் பற்றித் தயக்கம் வேண்டாம். இங்கிலாந்தில் 2001-இல் வெளிவந்த பேஜர் (குறுஞ்செய்தி வந்தால் ஒலித்துக் காட்டும் சிறு கருவி) ஆய்வில் 143 பேர் சேர்ந்தனர். முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அன்றாட வேலைகளைத் தெளிவாகக் கூடுதலாகச் செய்தனர். இன்று அந்த வேலையைச் சாதாரண மொபைல் செய்யும்.

ரீஹேப்_ஓடி:
நன்றி. ‘எனக்கு மறதியே இல்லை, நோட்டு எதுக்கு’ என்கிறார். அதற்கு?

நியூரோசைக்:
வாதாடாதீர்கள். மறந்ததே மறந்துபோகிறது, அதனால் அவர் சொல்வது அவரளவில் உண்மை. அவருக்குப் பிடித்த ஒன்றை முதல் பதிவாக வையுங்கள்: மேட்ச் நேரம், நண்பர் வருகிற நாள். நோட்டைப் பார்த்ததால் மேட்ச் கிடைத்தது என்றால் கை தானாகப் போகும். மாத்திரையை இரண்டாவது வாரம் சேருங்கள். அதுவரை சிஸ்டர் சொன்ன டப்பாவும் பூட்டும் பார்த்துக்கொள்ளும்.