ரொட்டிக்கு வரிசை நிற்கும்போது நாடகத்துக்கு அரசுப் பணமா? (அமெரிக்கா, 1935–39)

கணக்கன்:
1933இல் அமெரிக்காவில் நாலு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தப் பொருளாதார மந்தம் தீராத 1935இல் ரூஸ்வெல்ட் அரசு, வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து நாடகம் போட ‘ஃபெடரல் தியேட்டர்’ திட்டத்தைத் தொடங்கியது. நாலு வருடத்தில் சுமார் 4 கோடியே 60 லட்சம் டாலர் செலவு. பசித்தவனுக்கு நாடகம் எதற்கு? இதைச் சாதனை என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேடைக்காரி:
ரொட்டி வரிசையில் நடிகர்களும்தானே நின்றார்கள் சார்? பேசும் படம் வந்ததுமே பல கொட்டகைகள் மூடிவிட்டன, மிச்சத்தை மந்தம் முடித்துவைத்தது. வேலைக்கு எடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் நிவாரணப் பட்டியலில் இருப்பவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் விதி. பணத்தில் பெரும்பங்கு கூலிக்கே போனது. சாலை போட்டவருக்குக் கொடுத்தால் கூலி, நடித்தவருக்குக் கொடுத்தால் வீண்செலவா?

கணக்கன்:
சரி, கூலி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் படியளக்கிறவன் வாயையும் கட்டுவான். இத்தாலியின் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்ததைப் பற்றி ஒரு நாடகம் 1936 தொடக்கத்தில் தயாரானது. வாஷிங்டன் அதைத் தடுத்தது. நியூயார்க் பிரிவின் தலைவர் எல்மர் ரைஸ் பதவி விலகினார். மறு வருடம் ஓர் எஃகு நகரத்துத் தொழிற்சங்கக் கதை இசை நாடகமாக அரங்கேற இருந்தபோது கொட்டகையையே பூட்டிவிட்டார்கள். இதுதானா சுதந்திரமான கலை?

மேடைக்காரி:
பூட்டிய பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். 1937 ஜூன் 16. கூட்டம் அப்படியே வேறொரு கொட்டகைக்கு நடந்தது. நடிகர்கள் மேடையேறக் கூடாது என்று அவர்களுடைய சங்கமே தடுத்திருந்தது. இசையமைப்பாளர் மார்க் பிளிட்ஸ்டைன் மட்டும் மேடையில் பியானோ முன் உட்கார்ந்தார். நடிகர்கள் பார்வையாளர்களுக்கு நடுவில், இருந்த இடத்திலேயே எழுந்து நின்று பாடினார்கள். இருந்த ஒரே கூலியும் போய்விடலாம் என்று தெரிந்தே எழுந்தவர்கள் அவர்கள். அரசு செய்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டம் இல்லையென்றால் அவர்கள் ஒன்றுசேர்ந்திருக்கவே மாட்டார்கள். 1936இல் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், கறுப்பின நடிகர்களை மட்டுமே வைத்து ஷேக்ஸ்பியரின் மக்பெத் போட்டபோது இயக்கிய ஆர்சன் வெல்ஸுக்கு வயது 20. எந்த முதலாளி அதற்குப் பணம் போட்டிருப்பார்?

அச்சுப்பட்டறை:
நான் ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலில் இருக்கிறவன். அதே அரசு நிவாரண வேலைகளில் அடித்த போஸ்டரைப் பற்றியும் பேசுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் கையால்தான் வரைந்தார்கள். நியூயார்க் போஸ்டர் பிரிவுக்குப் பட்டுத்துணி அச்சைக் கொண்டுவந்தவர் அந்தோணி வெலோனிஸ். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ரப்பர் கட்டையால் மையைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரச்சட்டம். அதனால்தான் அந்தப் போஸ்டர்களில் நிறங்கள் கொஞ்சமாக, பெரிய பெரிய பரப்பாக இருக்கின்றன; தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எழுத்தைப் படிக்கலாம். செலவைக் குறைக்கப் போய்ப் பிறந்த அழகு அது. இன்றும் என் பட்டறையில் அதே முறைதான்.

கணக்கன்:
போஸ்டரில் எனக்குச் சண்டை இல்லை. காசநோய்க்கும் சிபிலிஸ் பரிசோதனைக்கும் அடித்தார்கள், அது ஊருக்கு உதவியது. நாடகம் வேறு. மக்கள் தேர்ந்தெடுத்த காங்கிரஸே, அதாவது அமெரிக்க நாடாளுமன்றமே, 1939 ஜூனில் அதன் நிதியை நிறுத்தியது.

மேடைக்காரி:
எப்படி நிறுத்தினார்கள்? 1938இல் காங்கிரஸ் குழு நடத்திய விசாரணையில் ஓர் உறுப்பினர், ஆங்கில நாடகாசிரியர் மார்லோ கம்யூனிஸ்டா என்று திட்டத்தின் தலைவர் ஹாலி ஃபிளனகனிடம் கேட்டார். மார்லோ இறந்தது 1593இல்! அந்த அறிவோடு எடுத்த முடிவை நான் மக்கள் தீர்ப்பாக ஏற்க மாட்டேன்.

அச்சுப்பட்டறை:
நாடகம், சுகாதாரம், பூங்கா எல்லாவற்றுக்குமாக 20 லட்சம் பிரதிகள் அடித்தார்கள் என்பது கணக்கு. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 2,000. மீதியெல்லாம் சுவரில் ஒட்டி மழையில் நனைந்து போயிருக்கும். ஒட்டுவதற்குத்தானே அடித்தார்கள்.