புதுப்பிப்பு: பனிக்கட்டிச் சோதனை செய்து பார்த்தோம்

எட்டாம் வகுப்புக்குப் பருவநிலை மாற்றத்தைச் செய்முறையாக எப்படிச் சொல்லித்தருவது என்று போன இழையில் கேட்டிருந்தேன். பலர் சொன்ன பனிக்கட்டிச் சோதனையையே எடுத்துக்கொண்டோம். ஒரு கிண்ணத்தில் கட்டிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே துருத்திய கல்லின் மீது வைத்தோம். நீர்மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிட்டுப் பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். மிதந்தவை உருகியும் மட்டம் அப்படியே இருந்தது. கல்மேல் இருந்தவை உருகியதும் தண்ணீர் கோட்டைத் தாண்டியது. கல்மேல் வைத்த கட்டிகளைப் போல நிலத்தின் மேல் இருக்கும் கிரீன்லாந்துப் பனிப்படலம் முழுதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும் என்றதும் வகுப்பே அமைதியானது.

"அப்போ ஆர்க்டிக் கடல்ல மிதக்குற பனி உருகினா பரவாயில்லையா மிஸ்?" என்றாள் ஒருத்தி. அருமையான கேள்வி! வெள்ளைப் பனி போனால் இருண்ட கடல் கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும். அதைக் காட்ட, கறுப்பு, வெள்ளைத் தாள்களுக்கு அடியில் வெப்பமானி வைக்கும் சோதனை அடுத்த வாரம்.