மீன் வந்தாச்சு, வண்டி புனலூர் தாண்டியாச்சு: தமிழ்நாடு-கேரள எல்லையோரக் கடைகள் வாடிக்கையாளரைப் பிடித்து வைப்பது எப்படி? நாலு ஊர்க் கடைக்காரர்கள் சொல்கிறார்கள்

மார்த்தாண்டம், மீன் சாப்பாட்டுக் கடை

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், மதியம் சாப்பிட வருகிறவர் முதலில் கேட்பது "இன்னைக்கு என்ன மீன்?" என்பதுதான். இந்தக் கேள்விக்குத் தினமும் நேரத்துக்குப் பதில் சொல்கிற கடைக்கு வேறு விளம்பரம் பெரிதாக வேண்டாம். அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி போதும், காசு கிடையாது. அதற்கென்று தனி சிம் வாங்குங்கள். முதலாளியின் சொந்த நம்பரில் போட்டால், அவர் கல்யாணத்துக்குப் போன அன்று கடை ஊமையாகிவிடும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல்தான் பலர் பில் புக்கைப் பார்த்து இருநூறு நம்பரை ஏற்றிவிட்டு, "யாருமே பார்க்கல" என்று பத்தே நாளில் விட்டுவிடுகிறார்கள்.

கல்லாவில் கியூஆர் ஒட்டி, "மீன்" என்று ஒரு வார்த்தை அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் கடையின் கான்டாக்டைத் திருப்பி அனுப்பி, பில் போடும் நேரத்துக்குள் சேமிக்கச் சொல்லுங்கள். அவரே கேட்டுத்தான் அனுப்புகிறோம் என்பதற்கும் அந்த ஒரு வார்த்தை சாட்சி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. பில்லுக்காகக் கொடுத்த நம்பருக்கு விளம்பரம் அனுப்புவது முறையில்லை. பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் நம்பரையே வாட்ஸ்அப் முடக்கிவிடும்.

படம் பத்தரை மணிக்குள் போக வேண்டும். கொதிக்கிற குழம்பை டியூப் லைட்டில் எடுத்தால் கறுத்துத் தெரியும், ஆவி லென்ஸில் படிந்து மங்கும். பின்வாசல் வெளிச்சத்தில், கழுவின தட்டில், பச்சை மீனையே வைத்து எடுங்கள். கண்ணும் செவுளும் தெரியணும். நம் ஊர் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். எழுதுவது மூன்று வரி: "சாளைக் குழம்பு, அயலை பொரிப்பு, மரச்சீனி. நெய்மீன் 20 துண்டு மட்டும். இரண்டரை வரை." விலையும் போட்டுவிடுங்கள்.

அந்த 20 எங்கிருந்து வருகிறது? மூன்று கிலோ நெய்மீனில் தலை, வால், குடல் போக நூறு கிராம் துண்டாக இருபது சொச்சம்தான் தேறும். துண்டைக் கணக்குப் பண்ணாமல் "நெய்மீன் உண்டு" என்று போட்டால், ஒன்றரைக்கு வருகிற பத்தாவது குடும்பத்துக்கு இல்லை என்று சொல்லணும். தீர்ந்த அடுத்த நிமிஷம் "நெய்மீன் தீர்ந்தது, அயலை இருக்கு" என்று இரண்டாவது செய்தி போகட்டும். வழக்கமாக வருகிறவர்களை உண்டாக்குவது இந்த இரண்டாவது செய்திதான். நெய்யாற்றின்கரையிலிருந்து வண்டி எடுக்கப்போகிறவர் அதைப் பார்த்து நின்றுவிட்டால் அன்றைக்கு ஒரு பில் போகும், ஆனால் அந்தக் கடை சொல்வதை அப்புறம் அவர் நம்புவார்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எங்கள் குமரி மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. கேரளாவில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை. வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான் வரும், விலை ஏறும். மே கடைசி வாரமே இதைச் சொல்லிவிடுங்கள். ஐஸில் வந்த மீன் என்றால் "ஐஸ் மீன்" என்றே எழுதுங்கள். ஒருநாள் மறைத்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

செங்கோட்டை, புளியரை ரோடு

மார்த்தாண்டம் அண்ணாச்சிக்கு மீன் மாதிரி எங்களுக்குக் கார்த்திகை. சபரிமலை மண்டல காலம் 41 நாள், பிறகு மகரவிளக்கு. ஆரியங்காவு வழியாக வருகிற சாமிமார் வண்டிகளில் யார் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது டிரைவரும் குருசாமியும். அதனால் இன்ஸ்டாகிராமில் எவ்வளவு அழகாக இட்லி காட்டினாலும் இந்தக் கூட்டத்துக்கு அது எடுபடாது. இந்த இரண்டு பேரின் நம்பர்தான் சொத்து.

வாட்ஸ்அப் பிசினஸில் நம்பர்களை வகை பிரித்து வைக்க லேபிள் வசதி இருக்கிறது. "சாமி டிரைவர்", "குருசாமி" என்று இரண்டு லேபிள் போதும். ஐப்பசி கடைசி வாரத்தில் ஒரே ஒரு செய்தி: சைவம் மட்டும், பூண்டு வெங்காயம் இல்லாத சாம்பார் தனிப் பாத்திரத்தில், பஸ் நிறுத்த இடம், குளியலறை, இரவு எத்தனை மணி வரை. குளியலறை வரியை விட்டுவிடாதீர்கள், டிரைவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வருஷம் முழுக்க அசைவம் போடுகிற கடை என்றால் அந்த இரண்டு மாதம் பாத்திரம், தோசைக்கல் எல்லாம் மாற்றியிருக்கிறோமா என்றும் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் மனசில் அந்தச் சந்தேகம் இருக்கும்.

திரும்பி வரும்போது "புனலூர் தாண்டியாச்சு" என்று டிரைவர் ஒரு வரி போட்டால் போதும். மலைப்பாதையில் இங்கு வர ஒண்ணேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஐம்பது பேர் வண்டி, தலைக்கு நாலு என்றால் இருநூறு இட்லி. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய 45 இட்லி வரும். ஆக நாலரைக் கிலோ அரிசி மாவு, சாம்பார் தலைக்கு 150 மில்லி வீதம் ஏழரை லிட்டர். ஓர் ஈடு வேக பத்துப் பன்னிரண்டு நிமிஷம். செய்தி வந்ததும் கொப்பரையில் தண்ணீர் ஏற்றினால், வண்டி நிற்கும்போது முதல் இரண்டு ஈடு தயார். முன்கூட்டியே அவித்து அடுக்கினால் இட்லி இறுகிப் போகும், பிரசாதம் வாங்கிக்கொண்டு வருகிற அசதியில் அதைத் தின்ன யாருக்கும் மனசு வராது.

புரோட்டாக்காரர்களுக்கு ஒன்று. பிரானூர் பார்டர் என்ற பேரே பழைய திருவிதாங்கூர் எல்லையிலிருந்து வந்தது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பேர் மாறவில்லை. பேச்சும் இன்னும் இரண்டாகத்தான் ஓடுகிறது. இந்தப் பக்கம் பல கடையில் ஒரு செட் என்றால் இரண்டு புரோட்டா. கேரளாக்காரர் எண்ணிக் கேட்பார். போனில் "பத்து" என்று வந்தால் பத்தா இருபதா? ஆர்டரை வாங்கினதும் "புரோட்டா 20 எண்ணம், கோழி வறுவல் 2, இரவு 8 மணி, வாங்க வருபவர் பேர்" என்று எழுதி அனுப்பி, "சரி" வந்த பிறகுதான் மாவைத் தட்டணும். ஐம்பது எண்ணத்துக்கு மேல் என்றால் பாதிப் பணம் முன்பணம்.

"கறி" என்ற சொல்லும் இப்படித்தான். நமக்கு அது ஆட்டுக்கறி. அவர்களுக்குக் கடலை போட்ட குழம்பும் கறிதான். மெனுப் படத்தில் "மட்டன்", "கோழி", "கடலை" என்று பொருளின் பேரை எழுதிவிட்டால் சைவக்காரர் இலையில் எலும்பு விழாது. சப்ளையர் தம்பிகளுக்கு நாலு சொல் சொல்லிக்கொடுங்கள்: "கடுப்பம் கூட்டி" என்றால் டீ ஸ்ட்ராங், "மதுரம் குறச்சு" என்றால் சீனி கம்மி, "வெள்ளம்" கேட்டால் தண்ணீர், "ஊணு" என்றால் சாப்பாடு. இரண்டாவது தடவை வருகிறவருக்குக் கேட்காமலே கடுப்பம் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு ஈடான போஸ்ட் எதுவும் கிடையாது.

பொள்ளாச்சி, கோபாலபுரம் பக்கம்

நம்ம பக்கம் பாலக்காட்டு வண்டிங்க கூகுள் மேப்பைப் பார்த்துத்தானுங்க நிக்குது. அதனால மூணு விஷயம்.

நேரம். பொங்கலுக்கு, ஓணத்துக்கு, கேரளாவுல ஹர்த்தால் அன்னைக்கு என்ன நேரம்னு முன்னாடியே சிறப்பு நேரமா மாத்திப் போடணும். மேப்புல திறந்திருக்குன்னு காட்டி ஷட்டர் மூடியிருந்தா ஒற்றை நட்சத்திரம் உறுதி. சாப்பாட்டைக் குறை சொல்றவங்களைவிட பூட்டைப் படம் எடுத்துப் போடறவங்க கோபம் அதிகமுங்க.

ரெவ்யூ. "அஞ்சு ஸ்டார் போட்டா பாயசம் இலவசம்"னு எழுதி ஒட்டறாங்க. கூகுள் விதிப்படி அது கூடாதுங்க, மொத்தமா தூக்கிருவாங்க. நம்ம ஆளுங்களே போடறதும் அப்படித்தான்.

பதில். மலையாளத்துல எழுதினா மலையாளத்துலயே, தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டாவது, ஒரு நாளைக்குள்ள. "சாம்பார் புளிச்சது"ன்னு எழுதினா "எங்க சாம்பார் புளிக்காது"ன்னு வாதாடக் கூடாதுங்க. எந்த நாள், மதியமா இரவான்னு கேட்டு, அந்த வேளையில என்ன நடந்ததுன்னு சமையல்கட்டுல விசாரிச்சு, அதையே எழுதுங்க: "ரெண்டு மணிக்கு மேல மிச்சமானதைச் சூடு பண்ணாம ஊத்திட்டாங்க, இப்ப ரெண்டு தடவையா வைக்கறோம்." குறை சொன்னவருக்காக மட்டும் இல்லீங்க, அடுத்து படிக்கற நூறு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதறோம். வந்தவங்க பேரு, கூட யார் இருந்தாங்க, பில் எவ்வளவுன்னு எதையும் பதில்ல இழுக்காதீங்க.

கம்பம்

எல்லாரும் எழுத்துச் செய்தியையே பேசுகிறீர்கள் அண்ணே. கம்பம், தேவாரம், போடி ஊர்களில் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள்தான் பார்சல் கடைகளுக்கு ஆதாரம். அவர்களில் பலர் எழுத்தைப் படிக்க மாட்டார்கள், இருட்டில் நேரமும் இல்லை. குரல் செய்தி அனுப்புங்கள், இருபது வினாடிக்குள்: "அக்கா, நாளைக்கு எலுமிச்சைச் சாதமும் துவையலும். எண்ணிக்கையை ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லிருங்க." இரவு ஏழு மணிக்கு அனுப்பினால் கேட்பார்கள். அதிகாலையில் அனுப்புவது வீண்.

ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு அக்கா எண்ணிக்கை சொல்வார். அவரிடம் மட்டும் பேசினால் போதும். கட்டும்போது ஒரு விஷயம்: சாதத்தைச் சூட்டோடு மூடினால் வேர்த்து, மதியத்துக்குள் நூல் விட்டுவிடும். மலைக்காற்றிலும் இது நடக்கும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, அப்புறம் இலையில் கட்டணும். துவையல் தனியாக, தேங்காய் சேர்க்காமல். சம்பளம் வாரக் கடைசியில் என்பதால் கணக்கு நோட்டு வைத்துத்தான் ஆகணும். தொகையை சனிக்கிழமை அவரவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஜீப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தால் அடுத்த வாரம் அந்த வண்டியே வராது.

வாட்ஸ்அப் குரூப் போட்டால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பெண்கள் இருக்கிற இடத்தில் அது வேண்டாம்.

மார்த்தாண்டம், மீன் சாப்பாட்டுக் கடை

கம்பத்துக்காரர் சொன்னது சரி. அட்மின் மட்டும் பேசும்படி மாற்றினாலும் குரூப்பில் நம்பர் மறையாது. 256 போதாதவர்கள் இரண்டாவது பட்டியல் போடலாம், அல்லது வாட்ஸ்அப் சேனல் தொடங்கலாம். அதில் பின்தொடர்பவர் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் சேனலில் "எனக்கு இரண்டு துண்டு எடுத்து வை" என்று திருப்பி எழுத முடியாது. அதனால் தினசரி ஆட்களைப் பட்டியலிலும், எப்போதாவது வருகிறவர்களைச் சேனலிலும் வையுங்கள். எடுத்துவைக்கச் சொன்ன துண்டை ஒன்றரை மணி வரை வைத்திருப்போம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்குமேல் அது அடுத்த இலைக்குப் போகட்டும்.