நெருக்கடியில் இரத்த அழுத்த இலக்கு மாறுவதற்கு ஒரு கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இரத்த அழுத்தம் ஏறினாலோ இறங்கினாலோ துடிப்பையும் தமனிகளையும் மாற்றி அதை இலக்குக்கு அருகில் வைக்கும் உடலின் தானியங்கி வினைதான் பேரோரிஃப்ளெக்ஸ். அதற்கு 'அழுத்த மறிவினை' என்று நாம் ஒத்துக்கொண்டுவிட்டோம். நெருக்கடியில் அந்த இலக்கே மாறுவதை, அதாவது ரீசெட்டிங்கை, 'மீட்டமைப்பு' எனலாம் என்ற பரிந்துரையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கணினியை மீட்டமைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். உடலில் நடப்பது அதற்கு நேர்மாறானது.

கழுத்தில் கரோட்டிட் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் சுவருக்குள்ளேயே உணர்நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறிச் சுவர் விரிந்தால் அவற்றில் சைகைகள் அடிக்கடி எழும். அவை 9ஆம், 10ஆம் மூளை நரம்புகள் வழியே மூளையின் அடிப்பகுதியான முகுளத்தைச் சேரும். முகுளம் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி, துடிப்பை ஏற்றித் தமனிகளைச் சுருக்கும் பரிவு நரம்புகளை அடக்கும். துடிப்பு குறையும், சிறுதமனிகள் தளரும், அழுத்தம் இறங்கும். வேகஸின் விளைவு ஓரிரு துடிப்புக்குள் தெரிந்துவிடும். பரிவு நரம்பின் விளைவுக்குச் சில நொடிகள் பிடிக்கும்.

இப்போது எண்களை வைத்துப் பாருங்கள். ஓய்வில் ஒருவரின் சராசரித் தமனி அழுத்தம் 93 மி.மீ. பாதரசம், துடிப்பு நிமிடத்துக்கு 70 என்று கொள்வோம். நெருக்கடியில் அழுத்தம் 110 ஆகிறது. பழைய கணக்கு அப்படியே நின்றால் துடிப்பு 70க்குக் கீழே போக வேண்டும். ஆனால் அது 100ஐத் தொடுகிறது. மூளைப் பகுதிகளான ஹைப்போதலாமசிலிருந்தும் அமிக்டலாவிலிருந்தும் வரும் கட்டளைகள் முகுளத்தின் இலக்கையே மேலே தள்ளிவிடுவதுதான் காரணம். மறிவினை செத்துவிடவில்லை: அதே நிலையில் அழுத்தம் மேலும் ஏறினால் துடிப்பு 100இலிருந்து இறங்கும், அழுத்தம் சரிந்தால் ஏறும். ஆகவே 'முடக்கம்', 'தடை' என்ற சொற்களும் பொருந்தா.

என் முன்மொழிவு: 'இலக்குப் பெயர்ச்சி'. இயற்பியலில் இடப்பெயர்ச்சி ஏற்கெனவே பழகிய சொல். திசையையும் அது கட்டிப்போடாது. உறக்கத்தில் இலக்கு கீழே வருவதற்கும் அதே சொல் போதும். 'இலக்கு உயர்வு' என்றால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

இன்னொன்று. இந்தக் கட்டுரைகளில் ஸ்ட்ரெஸ்ஸை 'மன அழுத்தம்' என்று எழுத வேண்டாம். ஒரே வரியில் இரண்டு அழுத்தங்கள் வந்தால் எது ஏறியது என்று மாணவர் தேட வேண்டியிருக்கும். 'நெருக்கடி' போதும்.

மறுமொழி:

இலக்குப் பெயர்ச்சியை ஏற்கிறேன். ஆனால் உங்கள் விளக்கம் பாதிப் படத்தைத்தான் காட்டுகிறது. அழுத்தத்தைக் கிடையச்சிலும் துடிப்பைச் செங்குத்தச்சிலும் வைத்து வரைந்தால் கீழ்நோக்கிச் சரியும் வளைகோடு கிடைக்கும். நெருக்கடியில் கோடு முழுவதும் வலப்பக்கமும் மேல்பக்கமும் நகர்வது பெயர்ச்சி. கோட்டின் சாய்வு தட்டையாவது வேறு நிகழ்வு, அதற்கு 'உணர்திறன் குறைவு' என்ற பெயர் வேண்டும். மனக்கணக்குப் போடச் சொல்லும் சோதனைகளில் இரண்டும் சேர்ந்தே வரக்கூடும். மிதமான உடற்பயிற்சியில் கோடு நகர்ந்தாலும் மறிவினையின் மொத்தச் சாய்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அளவீட்டைப் படிக்கவே முடியாது.

அளக்கும் முறையும் இதைத்தான் சொல்கிறது. 1969இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு முறையில் ஃபினைலெஃப்ரின் போன்ற, தமனிகளைச் சுருக்கும் மருந்தைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றுவார்கள். இதயம் சுருங்கும்போதுள்ள (சிஸ்டாலிக்) அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் ஏறும்போது இரு துடிப்புகளுக்கிடையேயான நேரம் எத்தனை மில்லிநொடி நீள்கிறது என்று பார்ப்பார்கள். கிடைப்பது சாய்வு மட்டுமே. கோடு எங்கே நிற்கிறது என்பது அந்த எண்ணில் இல்லை.

மறுமொழிக்கு மறுமொழி:

ஒப்புக்கொள்கிறேன், இரண்டு சொற்களும் இருக்கட்டும். கூடவே ஒரு பிரிவும் தேவை. அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் தமனிச் சுவரிலுள்ள உணரிகளே புதிய அளவுக்குப் பழகிவிடும். நீடித்த இரத்தக் கொதிப்பை இந்த மறிவினை தானாகச் சரிசெய்யாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். மூளையிலிருந்து வருவதை 'மையப் பெயர்ச்சி' என்றும் உணரியிலிருந்து வருவதை 'உணரிப் பெயர்ச்சி' என்றும் பிரிக்கலாம்.

இரத்தத்தைக் கண்டதும் மயங்கி விழுவதை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே வேகஸ் பாய்ந்து வர, பரிவு நரம்பு கைவிட, துடிப்பும் அழுத்தமும் சேர்ந்தே விழும். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.