எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகள்

நாசரேத் மருமகள்:
எட்டு வருடமாக, வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை என்னை "படிப்பு ஏறாதவள், அடுப்படிதான் சரி" என்றுதான் அறிமுகம் செய்வார். நானும் கூடச் சிரிப்பேன். போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்புக் காலத்தில், காலைத் தியானத்துக்கு வேதாகமத்தின் எண்ணாகமம் 13. கானான் நாட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த இராட்சதருக்குப் பயந்து திரும்பிய வேவுகாரர் கதை, ஞாயிறு பள்ளியிலேயே கேட்டதுதான். "நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "அவர்கள் பார்வைக்கும்" என்பது அதற்குப் பிறகுதானே வருகிறது! அன்று மாலை விருந்தாளிகள் முன்னால், கையில் காப்பித் தட்டோடு, "அத்தை, நான் பிளஸ் டூ முடித்திருக்கிறேன்" என்றேன். டம்ளர்கள் கடகடவென்று ஆடின. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய வாலிபன்:
சகோதரி, பெரியவர்களை நாலு பேர் முன்னால் திருத்துவது தாழ்மையா? மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் நம் ஆண்டவர். நானும் ஒருமுறை மேலதிகாரியிடம் வாய் திறந்தேன். மூன்றே மாதத்தில் மாற்றல்.

அச்சகத்துக்காரர்:
பழைய வாலிபன் ஐயா, அதே ஆண்டவரைச் சேவகன் அறைந்தபோது மறு கன்னத்தையா காட்டினார்? "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார், யோவான் 18:23. பிலிப்பி பட்டணத்துச் சிறையிலிருந்து சத்தமில்லாமல் போகும்படி அதிகாரிகள் சொன்னபோது அப்போஸ்தலன் பவுல் போனாரா? "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார். என் முதலாளி புரூப் தாள்களை என் முகத்தில் எறிந்த அன்று இரவு இதைத்தான் வாசித்தேன். மறுநாள் பொறுக்கிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன். சங்கீதம் 139-ஐ மனப்பாடம் செய்யுங்கள். "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்" என்ற பதினான்காம் வசனத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் ஒட்டாது. கோபத்தோடு இருக்கும்போது வசனம் தேடாதீர்கள்; நமக்கு வேண்டியதுதான் கண்ணில் படும். அத்தையோடு சேர்ந்து ஜெபியுங்கள். தபால் வழியில் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பியுங்கள்.

நாசரேத் மருமகள்:
படிப்பைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லையே, அண்ணா.

கடைசி பெஞ்சு:
கணவர் விட்டுப்போன பிறகு ஆலயத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன், ஆசீர்வாதம் முடிவதற்குள் வெளியேறிவிடலாம் என்று. ஒரு ஞாயிறு, வேதபாடம் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டுவிட்டார். லூக்கா 13, பதினெட்டு வருடம் நிமிரக்கூடாத கூனி. அவளை இயேசு "ஆபிரகாமின் குமாரத்தியாகிய இவளை" என்று சொல்லும் இடத்தில் தொண்டை அடைத்தது. சபையே காத்திருந்தது. மறுபடியும் அதே வரியை, முதலிலிருந்து, வாசித்தேன்.

அடுத்த வாரம் மூன்றாவது பெஞ்சு. அங்கே மின்விசிறிக் காற்று வருவதில்லை.