கொம்பைலர் வாயே திறக்காத நாள்

பரந்தனிலிருந்து:
காலபோக அறுவடை நேரம். நெல் வாங்கும் அண்ணை ஒருவருக்கு மூடைக் கணக்கு வைக்க ஜாவா மொழியில் சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். நெல், உழுந்து, நிலக்கடலை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் 'பதிவேடு' என்று ஒரு ஜெனரிக் கிளாஸ் (எந்த வகைப் பொருளுக்கும் பொருந்தும் அச்சு), அதில் 'சேர்' என்று ஒரு மெதட் (செயல்). நெல்லுக்கு மட்டும் ஈரம் பார்த்து நிறை கழிக்க வேணும் என்பதால் 'நெற்பதிவேடு' என்று அதைத் தாயாகக் கொண்ட பிள்ளைக் கிளாஸ் ஒன்றைப் போட்டு, அதற்குள் 'சேர்' மெதட்டைத் திரும்ப எழுதினேன். கழிவு விழவேயில்லை. ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே மாதிரி ஏறுது, நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிற கொம்பைலரும் ஒரு பிழை சொல்லவில்லை. இரண்டு இரவு மினக்கெட்டு, கொம்பைலரில்தான் பிழை என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியில் பார்த்தால், தாய்க் கிளாசின் பெயருக்குப் பின்னால் கோணக் குறிக்குள் 'நெல்' என்று போட மறந்திருக்கிறேன். அப்படி விட்டால் ஜாவா அதைப் பழைய காலத்து வெறும் வகையாக எடுத்துக்கொள்ளும். தாயிடமிருந்து வரும் 'சேர்' எந்த ஒப்ஜெக்டையும் வாங்கும், என்னுடையது நெல்லை மட்டும் வாங்கும். பெயர் ஒன்று, ஆள் வேறு. நானோ எல்லாப் பதிவேட்டையும் தாய் வகையில் வைத்துக் கூப்பிட்டதால் ஓடினது தாயின் மெதட். மேலே, தாயின் மெதட்டைத்தான் மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லும் ஓவர்ரைடு (@Override) குறி போட்டிருந்தால் கொம்பைலர் அந்த இடத்திலேயே மறித்திருக்கும். உண்மையில் 'அன்செக்ட்' (வகை சரிபார்க்கப்படவில்லை) என்று ஒரு வரி குறிப்பும் வந்ததுதான், ஆர் அதை வாசிக்கிறது?

வவுனியாவிலிருந்து:
கோணக் குறியும் ஓவர்ரைடு குறியும் போட்டு எழுதினாலும் தப்ப ஏலாது. எங்கேயோ கிடந்த பழைய திரை ஒன்று, வகை சொல்லாத மாறி (வேரியபிள்) வழியாக, நெல் பதிவேட்டுக்குள் உழுந்தைத் தள்ளிவிட்டது. 'கிளாஸ் காஸ்ட்' பிழை (பொருளை அந்த வகையாக மாற்ற ஏலாது என்பது) வந்து விழுந்த வரி எது தெரியுமா? கிளாசின் பெயர் எழுதின வரி! அங்கே ஒரு வகை மாற்றமும் நடக்கவில்லையே என்று விழித்தேன். 2004 இல் ஜாவா 5 உடன் ஜெனரிக்ஸ் வந்தபோது, பழைய நிரல்களும் ஓட வேணும் என்று, கொம்பைல் ஆனதும் வகையை அழித்துவிடுகிற வழியைத்தான் எடுத்தார்கள். அதனால் பிள்ளைக் கிளாசில் கொம்பைலர் தானாகவே, தாயின் மெதட்டைப் பிள்ளையின் மெதட்டோடு இணைக்கும் 'பிரிட்ஜ் மெதட்' ஒன்றை எழுதி, அதற்குள் வகை மாற்றத்தையும் வைக்கும். விழுந்தது அந்தப் பாலத்தில். ஆகவே பிழை எப்போதும் எங்களில்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து:
எப்போதும் என்று சொல்லாதையுங்கோ. 2016 இல் நாடா அமின், ரொஸ் டேட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகை மாற்றம் ஒன்றும் எழுதாமலே, ஒழுங்காகக் கொம்பைல் ஆகி, ஓடும்போது அதே பிழையில் விழுகிற சின்ன ஜாவா நிரலைக் காட்டினார்கள். அதில் நடக்கவே முடியாத வகை உறவு ஒன்றுக்கு 'ஒன்றுமில்லை' என்பதைக் குறிக்கும் வெறும் 'நல்'லைச் சாட்சியாக நிறுத்தியிருந்தார்கள். அது மொழியின் வகை விதியிலேயே உள்ள ஓட்டை. ஆனால் பரந்தன்காரருக்கு நடந்தது அதுவல்ல, அது கவனக்குறைவு.

பரந்தனிலிருந்து:
சரி, ஒத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் விளங்கப்படுத்தத்தான் அண்ணையிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த ரெண்டு நாளும் ஏறின ஈர நெல்லுக்கு ஆர் காசு தாறது?" என்றார்.