மின்சாரம் போய் வந்தால் டிஎன்எஸ்மாஸ்க் மட்டும் எழுவதில்லை

லேப் டீச்சர்:
எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டிருக்கிறேன். மற்ற கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி, இணையதளப் பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் இரண்டும் அதில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள்தான். பூட் ஆகும்போது அது தானாகத் தொடங்க ‘சிஸ்டம்சிடிஎல் எனேபிள்’ கொடுத்தாயிற்று. நானே ரீபூட் செய்தால் ஒழுங்காக எழுகிறது. மின்சாரம் போய் வந்தால் மட்டும் ‘ஃபெயில்ட்’ என்று கிடக்கிறது. கையால் ஸ்டார்ட் செய்தால் உடனே ஓடுகிறது. நான் விடுப்பில் இருக்கும் நாளில் அதைச் செய்ய ஆளில்லை, பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் போய்விடுகிறது.

ரூட்டர்குமார்:
பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் ஃபைலில், 30 விநாடி காத்திருக்க ‘ஸ்லீப் 30’ போட்டு, அப்புறம் ஸ்டார்ட் கொடுங்கள். எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

பழைய அட்மின்:
ஸ்லீப் வேண்டாம் டீச்சர். இந்த பூட்டில் நடந்ததன் பதிவைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல் -பி -யு டிஎன்எஸ்மாஸ்க்’ என்ன சொல்கிறது?

லேப் டீச்சர்:
சர்வரின் ஐபியான 192.168.10.1-க்கு ‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ (கேட்ட முகவரியைக் கொடுக்க முடியவில்லை) என்கிறது சார். டிஎன்எஸ்மாஸ்க்கின் கான்ஃபிக் ஃபைலில், எந்த ஐபி என்று சொல்லும் லிசன்-அட்ரஸ், அந்த ஐபியை மட்டும் பிடிக்கச் சொல்லும் பைண்ட்-இன்டர்ஃபேசஸ் இரண்டும் இருக்கின்றன. ஐபியை, நெட்வொர்க் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் ஸ்டாட்டிக்காக, அதாவது மாறாததாக, கொடுத்திருக்கிறேன்.

பழைய அட்மின்:
அப்படியானால் காரணம், கணினிகளை கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச். மின்சாரம் வந்ததும் அதுவும் சர்வரோடு சேர்ந்துதான் பூட் ஆகிறது. அது லிங்க் (கேபிள் வழி இணைப்பு) கொடுக்கும்வரை நெட்வொர்க்மேனேஜர் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு ஐபி போடாது. நீங்கள் ரீபூட் செய்யும்போது ஸ்விட்ச் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் தெரிவதில்லை.

எப்போது, எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்மாஸ்க்கின் யூனிட் ஃபைலில் ‘ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்’ என்று இருக்கும், அதாவது பூட்டில் அந்தக் கட்டத்துக்குப் (டார்கெட்) பிறகு தொடங்கு. பலர் அதை நம்பிவிடுகிறார்கள். நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. ஐபி வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஐபி வரும்வரை காத்திருக்க நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் வேண்டும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் டிஎன்எஸ்மாஸ்க்’ கொடுத்து, யூனிட் பகுதியில் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் அதை எழுத வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் சொல்லும், டார்கெட்டை இழுத்து வருவது வான்ட்ஸ். ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு: நெட்வொர்க்மேனேஜரில் வழக்கமாக 60 விநாடி. ஸ்விட்ச் அதைவிடத் தாமதித்தால் மறுபடி இதே கதை.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி டிஎன்எஸ்மாஸ்க்கிலேயே இருக்கிறது. பைண்ட்-இன்டர்ஃபேசஸ் என்ற இடத்தில் பைண்ட்-டைனமிக் என்று எழுதுங்கள். ஐபி இல்லாவிட்டாலும் டிஎன்எஸ்மாஸ்க் எழும், ஐபி வந்ததும் தானாகப் பிடித்துக்கொள்ளும். பழைய வரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், இரண்டும் இருந்தால் தொடங்கவே மறுத்துவிடும்.

லேப் டீச்சர்:
மாற்றிவிட்டு, ஸ்விட்ச்சையும் சேர்த்து மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தானாகவே எழுந்தது, எல்லாக் கணினிக்கும் ஐபி கிடைத்தது. மிக்க நன்றி சார்!